பெரியம்மா மகன்

டர்ஹாம், வட கரோலினா
மார்ச் 3, 2019

அன்புள்ள ஹோரேஸ் அண்ணாவுக்கு,

நலம். டெட்ராய்ட் குளிர் உன் விரல்களை உறைய வைத்துவிட்டதா, இரண்டு மாதமாக ஒரு வரி இல்லையே?

இங்கே நம் பெத்தேல் ஹில் பகுதியில் பாதித் தெருவை ஒரு கட்டுமானக் கம்பெனி வாங்கிவிட்டது. மீதி இருப்பவர்களின் கதைகளை நான் ஒலிப்பதிவு செய்கிறேன். மெஷினைப் போட்டதும் எல்லோருக்கும் சர்ச்சில் பேசுவதுபோல ஒரு குரல் வந்துவிடுகிறது. முடிதிருத்தும் ஜூனியஸ் மட்டும், "ஹோரேஸ்தானே? கொரீனோட அக்கா பையன். அவன் தலைய மழிக்கிறதுக்கு நாலு பேர் புடிக்கணும்!" என்று சிரித்தார். பதிவுகளை நம் வீட்டு முன்னறையில் வைத்து, யார் வந்தாலும் கேட்கும்படி செய்யப்போகிறேன்.

உன் தங்கை,
ஆர்லீதா

டெட்ராய்ட்
மார்ச் 17

அன்புத் தங்கைக்கு,

திட்டாமல் படி. அந்தக் கம்பெனி ஆள் இங்கேயும் வந்தான். தாத்தா உயில் எழுதாததால் அவர் வம்சத்தில் எல்லோருக்கும் நீ இருக்கும் வீட்டில் பங்கு உண்டாம். என் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். காகிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் 'வாரிசு' என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையைப் பார்த்த சந்தோஷத்தில் வேறெதையும் யோசிக்கவில்லை.

ஹோரேஸ்

டர்ஹாம்
ஏப்ரல் 9

அண்ணா,

ஒருவர் பங்கு கம்பெனி கைக்கு வந்தால் போதும், முழு வீட்டையும் ஏலம் விடச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாமாம். போயும்விட்டார்கள்.

உன் அம்மாவும் என் அம்மா கொரீனும் புகையிலை ஆலையில் ஒரே மேசையில் இலை நரம்பு உரித்தவர்கள். கைக்குழந்தையோடு நின்ற உன் அம்மாவை என் அம்மா "அக்கா" என்று வீட்டுக்கு அழைத்து வந்தாள். ரத்த உறவு இல்லை. நம் இருவருக்கும் இது தெரியும், தெருவுக்கு மறந்தே போய்விட்டது. என் பதிவுகளில் எல்லோரும் உன்னை என் பெரியம்மா மகன் என்றே சொல்கிறார்கள். கம்பெனி வக்கீல் அதையே சாட்சியாகக் கேட்கிறார்!

நீ வாரிசு இல்லையென்றால்தான் அவர்கள் வாங்கிய பங்கு செல்லாது. வீடு நிலைக்க வேண்டுமென்றால், நீ எனக்கு யாருமில்லை என்று பைபிள்மேல் கை வைத்து நான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன்? எனக்கு வாய் வராது. வீடு போனாலும் போகட்டும் என்றுகூடத் தோன்றுகிறது.

ஆர்லீதா

டெட்ராய்ட்
ஏப்ரல் 15

என் ஆர்லீதாவுக்கு,

பைத்தியக்காரி, வீடு போகட்டும் என்று இனி எழுதாதே. ஜூனியஸின் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பாய்?

நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே பஸ் ஏறி வருகிறேன். "எனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தம் இல்லீங்க. நான் வாரிசு இல்ல" என்று நீதிபதியிடம் நானே சொல்கிறேன். அவர்கள் கொடுத்த காசோலையை மாற்றவில்லை, திருப்பிவிடுவேன். நான் பேசும்போது மட்டும் நீ வெளியே நில். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் வாய் வராது.

பதிவுகளில் ஒரு வார்த்தையையும் வெட்டாதே. அந்தத் தெருவில் நான் யாராக வளர்ந்தேன் என்பதற்கு அவர்கள் சொன்னதுதான் சரி.

கோர்ட் முடிந்ததும் வீட்டுக்கு வருவேன். விருந்தாளியை அழைப்பதுபோல வாசலில் வந்து நிற்காதே, என்னால் தாங்க முடியாது. பழையபடி நான் நுழைய, பின்பக்கச் சமையலறைக் கதவைத் தாழ்போடாமல் வை.

உன் அண்ணன்,
ஹோரேஸ்