கஸ்தூரிக்கு ஐம்பத்தெட்டு

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கம்பெனி பஸ் மாதனூருக்குப் பத்து நிமிடம் தாமதம். குடை வீட்டில். தலை முழுக்க ஈரம்.

பதினோரு மணிக்கு எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். கடிதம். இம்மாதம் 30-ஆம் தேதியோடு பணி ஓய்வு. கையெழுத்து வாங்கிக்கொண்டே அந்தத் தம்பி, "அம்பத்தெட்டா? பாத்தா தெரியலியே கஸ்தூரிக்கா" என்றான். எப்படித் தெரியும். எனக்கு ஐம்பத்தைந்துதான்.

ஐம்பத்தெட்டு என் அக்காவுக்கு. கஸ்தூரி என்பதும் அவள் பெயர்தான். நான் வேலைக்கு வந்தபோது பதினைந்து வயது. பதினெட்டு ஆகாமல் எடுக்க மாட்டார்கள். அக்காவுக்கு ஒடுகத்தூரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்கு இனி எதற்கு என்று அவளுடைய பள்ளிச் சான்றிதழைக் கொடுத்து அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். அப்போது இந்தப் பக்கம் எத்தனையோ பெண்கள் இப்படி. அன்று முதல் வீட்டில் மல்லிகா, கம்பெனியில் கஸ்தூரி. பிறகு பேங்க், பி.எஃப்., ஆதார் எல்லாமே கஸ்தூரி ஆகிவிட்டது. ஒரே வீட்டில் பிறந்து இரண்டு கஸ்தூரி.

அன்றைக்கு ஏற்றிய மூன்று வயதை இன்றைக்குப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருஷச் சம்பளம் போச்சு.

எச்.ஆர். தம்பி இன்னொன்றும் சொன்னான். "கான்ட்ராக்ட்ல டிரெய்னரா வர்றீங்களாக்கா? புதுப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். நாளுக்கு நானூத்தம்பது. பி.எஃப். கெடையாது. மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."

வலது கட்டைவிரல் இன்று மடங்கவே இல்லை. ஷூவின் மேல்பாகம் தைத்துத் தைத்து வந்த வலி. போதும் என்று இருக்கிறது.

தேங்காய் வாங்க மறந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வேலையை விட முடியுமா? எழுதிப் பார்த்தேன்.

பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து ஆறு லட்சம். பேங்கில் போட்டால் மாத வட்டி 3,500.
பென்ஷன் 3,390.
அவர் ஷேர் ஆட்டோ 8,000. மழை மாதத்தில் இதுவும் சந்தேகம்.
ஆக 14,890.
செலவு 17,200.
துண்டு விழுவது 2,310.

பென்ஷன் ஏன் இவ்வளவு கம்மி என்றால், பத்தொன்பது வருஷம்தான் கணக்கில் இருக்கிறது. அதற்கு முன் பதிமூன்று வருஷம் உழைத்தேன். மகள் பிறந்தபோது ராஜினாமா செய்து, பி.எஃப். பணத்தை எடுத்து, வீட்டுக்குத் தளம் போட்டோம். எட்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி சேர்ந்தேன். அந்தப் பதிமூன்று வருஷம் தலைக்கு மேலே கான்கிரீட்டாக இருக்கிறது. ஒழுகவில்லை, அதுவரைக்கும் சரி.

அவரிடம் காட்டினேன். "பாத்துக்கலாம் வுடு" என்றார். எல்லாவற்றுக்கும் இதே பதில். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்க நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார், விட்டுவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

அக்கா வந்தாள். ஒரு பை பச்சை வேர்க்கடலையோடு. ஒடுகத்தூரில் கடலை பிடுங்கும் வேலை நடக்கிறதாம். மாமா போய் ஆறு வருஷம். மகன் ஓசூரில், அவன் பாட்டுக்கு அவன். இவள் இன்னமும் கூலிக்குப் போகிறாள். நகக்கண்ணெல்லாம் செம்மண்.

கடிதத்தைக் காட்டினேன். கணக்கையும் காட்டினேன். எட்டாவதில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள் இவள். நான் கணக்கில் முக்கி முனகி நாற்பது. கடலையை உரித்துக்கொண்டே பக்கத்தை ஒருமுறை பார்த்தாள்.

"வேலைக்குப் போறதால ஆவற செலவ எங்கடி தனியா எழுதின?"

"அது இன்னாக்கா?"

"இட்லி மாவு கடையில வாங்கறியே, ஏன்? அரைக்க நேரம் இல்லாமதான? அதப்போல எல்லாத்தையும் சொல்லு."

சொன்னேன். கடை மாவு 600. டீ, பன் 500. விரலுக்கும் இடுப்புக்கும் மருந்து, ஊசி 700. தையல் லைனில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மொய், அது 800.

"ரெண்டாயிரத்து அறுநூறு. நின்னுட்டா இது நிக்கும். துண்டு வுழல, முந்நூறுக்குப் பத்து கம்மியா மிச்சமே ஆவுது. வூட்ல இரு."

ஐந்து நாளாக நான் மண்டையை உடைத்த கணக்கு. ஒரு கைப்பிடி கடலை உரிப்பதற்குள் முடித்துவிட்டாள். காகிதம் இல்லை, பேனா இல்லை. பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும்.

"மூணு வருசம் முன்னாடியே வுடறானேன்னு அழுவாத. என் வயசால உனக்கு வந்த லாபம்னு நெனச்சுக்க."

"உனக்கு எப்பக்கா ரிட்டயர்மென்ட்?"

"எங்களுக்கு இன்னாடி. மழ பேஞ்சா லீவு."

இத்தனை வருஷத்தில் கேட்காததை இன்று கேட்டேன். நீ ஏன் கம்பெனி வேலைக்கு வரவில்லை?

"வந்தேனே. கல்யாணம் ஆயி மூணாம் வருசம். மழயே இல்ல, காட்டுல வேலயும் இல்ல. ஆம்பூர்ல வேற ஒரு கம்பெனில ஆள் எடுக்கறாங்கன்னு போனேன். சர்டிபிகேட் எங்கன்னு கேட்டான். அது உன் கம்பெனி ஃபைல்லதான இருந்துச்சு? திரும்பி வந்துட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வேலய வுட்டுட்டு வந்து நின்னிருப்ப. ரெண்டு பேரும் உக்காந்து இன்னா பண்றது?"

சொல்லிவிட்டு உப்பு எங்கே என்று கேட்டாள், கடலை வேகவைக்க.

நவம்பர் 17, திங்கள்

மேகமூட்டம். இரண்டு ஜோடி ரிஜெக்ட். என் கையில் ரிஜெக்ட் வந்து வருஷக்கணக்காகிறது. சூப்பர்வைசர் பெண் அவற்றை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் போனாள், போகப்போகிறவள்தானே என்று இருக்கும்.

நாள் முழுக்க அக்கா நினைப்பு. எட்டாவதில் முதலாவதாக வந்தவள் முப்பத்தேழு வருஷம் இதை மனதிலேயே வைத்திருந்தாள். ஒரு சண்டையில்கூட வாய் தவறவில்லை. சண்டைக்கா பஞ்சம்? நான் யாருக்காவது பத்து ரூபாய் கொடுத்தால் நான்கு முறை சொல்லிக் காட்டுவேன். தலைகீழாக நின்றாலும் அவள் மாதிரி ஆக முடியாது. அக்காவை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நேரில் செய்தால் அடிப்பாள்.

நவம்பர் 19, புதன்

கடிதத்தை மறுபடி படித்தேன். கஸ்தூரி, பிறந்த தேதி இது, ஐம்பத்தெட்டு நிறைவடைந்ததால் ஓய்வு. நிறைந்தது அவளுக்கு. நான் எதற்கு வீட்டில் உட்கார வேண்டும்?

புதுக் கணக்கு.
டிரெய்னர் கூலி, 25 நாள்: 11,250.
வட்டி 3,500. ஆட்டோ 8,000.
பென்ஷனைத் தொடவே வேண்டாம்.
எல்லாம் போக 5,500 வரை மிஞ்சும். இடுப்பு ஊசி உட்பட.

அக்காவுக்கு ரேஷன் அரிசி உண்டு. மாதம் ஆயிரம் அரசுப் பணம் வருகிறது. பென்ஷனையும் கொடுத்தால் அவள் குனிய வேண்டியதில்லை.

அவர்: "விரல் வலிக்குதுன்னியே." டிரெய்னருக்கு டார்கெட் இல்லை, வாய்க்குத்தான் வேலை என்றேன். "அப்ப உனக்கு ஏத்த வேலதான்." மகளுக்குப் போன் செய்து இதையும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நவம்பர் 23, ஞாயிறு

ஒடுகத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அக்கா கொல்லையில், கடலைக் காட்டில் இருந்தாள். ஞாயிறும் வேலை, மழைக்கு முன் பிடுங்கியாக வேண்டும். வரிசையில் முதல் ஆள் அவள். பின்னால் வருகிற முப்பது வயதுக்காரிகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பென்ஷன் உனக்குத்தான் என்று சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேருக்கு வாடக குடுக்க வந்தியா?"

"உன் பேர்ல, உன் தேதியில வர்ற பணம்க்கா."

"தச்சது யாரு?"

"திரும்பி வந்தது யாரு?"

கையிலிருந்த செடியை உதறினாள், மண் என் மேல் விழுந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினேன். பாதிக் காய் மண்ணிலேயே நின்றுவிட்டது. "வுடுடி, மொதலாளி என்னத் திட்டுவாரு" என்றாள்.

கால் மணி நேரம் கழித்துப் பேரம் ஆரம்பித்தாள். வாங்குகிறவள் குறைத்துக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ரெண்டாயிரம் போதும்."

"மூவாயிரத்து முந்நூத்தித் தொண்ணூறு."

"மூவாயிரம். மீதி உன் பஸ் செலவுக்கு. உனக்கு நெஜமா அம்பத்தெட்டு ஆவற வரைக்கும்தான் வேலைக்குப் போற. அப்புறம் போனா நான் வாங்க மாட்டேன்."

"அப்புறம் பென்ஷன்?"

"அப்போ பாத்துக்கலாம்."

இவளுமா என்று நினைத்துக்கொண்டேன். கடலை பிடுங்கி முடிந்ததும் நிற்பதாக ஒப்புக்கொண்டாள். இந்த வாரக் கடைசியில் முடியும்.

நவம்பர் 29, சனி

கடைசி நாள். மாலை, சால்வை, ஐந்து லிட்டர் குக்கர். லைன் பெண்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, திங்களன்று இதே முகங்கள்தானே. மேனேஜர், "கஸ்தூரியம்மாவின் உழைப்பு" என்று பேசியபோது மட்டும் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆள் மாறிப் பேசினாலும் சரியாகத்தான் பேசினார்.

பென்ஷன் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை கூலியிலிருந்து கொடுக்க வேண்டும். முதல் மூவாயிரத்தை உறையில் போட்டாயிற்று.

டிசம்பர் 1, திங்கள்

குளிர். அதே பஸ், அதே சீட். வருகை நோட்டில் புதுப் பக்கம், அதிலும் கஸ்தூரிதான். எட்டுப் புதுப் பெண்கள். ஒருத்திக்கு ஊசியில் நூல் கோக்கவே பயம்.

பத்து மணி டீயில் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கொல்லைக்குப் போயிட்டியாக்கா?"

"போவல. கூப்ட வந்தாங்க. நின்னுட்டேன்னு சொல்லிட்டேன்."

"இன்னா பண்ற?"

"உக்காந்துனு இருக்கேன். ரெண்டு தடவ வாசல் பெருக்கிட்டேன். மணி பத்துதான் ஆவுது மல்லி. ரிட்டயர் ஆனவங்கல்லாம் இன்னாதான் பண்ணுவாங்க?"

எனக்கு எப்படித் தெரியும். பகலில் படுத்துத் தூங்குவார்களாம் என்றேன்.



"பகல்லயா? நான் தூங்கினதே இல்லியேடி."