மரத்துப்போன கை

செவ்வாய், இரவு.

போக வேண்டாம் என்று இன்றும் முரளியிடம் சொல்லவில்லை.

கை அறுவை சிகிச்சைக்கு முன் தோளருகே போடும் ஊசியில், புபிவகெய்ன், ரோபிவகெய்ன் என்ற இரண்டு மருந்துகளில் எது கையை அதிக நேரம் மரக்க வைக்கிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. முரளி மருந்தை நிரப்பித் தருவான். எது என்று எனக்குச் சொல்லக் கூடாது. நான் போட்டுவிட்டு, உணர்வு திரும்பும்வரை சோதிப்பேன். இன்று ஆய்வின் கடைசி நோயாளி, அம்பத்தூரில் லேத் ஓட்டுபவர். இவருக்கு உணர்வு வந்ததும் கோவையில் புது வேலைக்குக் கிளம்புவதாக முரளி சொல்லியிருந்தான். பையோடு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"என் கையி எங்கம்மே கீது?" என்று மனைவியிடம் கேட்டார் அவர்.

"நான்தான் புடிச்சிகினு கீறேன்."

"நீ சொல்றதால நம்பறேன்."

அவள் சிரிக்கவில்லை. "திரும்பி வந்துருமா டாக்டரம்மா?" என்றாள்.

வரும் என்றேன். ஆனால் ஊசி முனையால் அவர் விரலைத் தொட்ட ஒவ்வொரு முறையும், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லமாட்டாரா என ஏங்கினேன். அதன் பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விளக்கு போடும் நேரத்தில், "சுருக்குனு கீது" என்றார். குறித்துக்கொண்டேன்.

முரளி எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்றான். தலையசைத்தேன்.

அவன் ஆட்டோ பிடித்து ஆவடி ஸ்டேஷனுக்குப் போனான்.