மூன்று முறை மாற்றிய தேதி

அக்கா,

இன்று காலை அலுவலகத்தில் யாரோ தலைவலித் தைலம் தேய்த்தார்கள். அந்த வாசனை பட்டதும் என் கை தானாகப் பக்கத்து மேசைக்கு நீண்டது, உங்கள் கோப்புகளை எடுக்க. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இன்று அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை.

இந்தப் பாளையங்கோட்டை அலுவலகத்தில் ஒன்பது வருடம் அடுத்தடுத்த இருக்கைகளில் இருந்தோம். பதினோரு மணிவாக்கில் உங்களுக்கு ஃபோன் வரும். வீட்டுக்காரர் குடித்துவிட்டு எங்கோ கிடப்பதாக யாராவது சொல்வார்கள். நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பையை எடுப்பீர்கள். "ஏட்டி, அவுகள வீட்டுல கொண்டு விட்டுட்டு வந்துருதேன்." கண்காணிப்பாளர் கேட்டால், வங்கிக்குப் போயிருக்கிறீர்கள் என்பேன். உங்கள் கோப்புகளையும் நானே முடித்து வைப்பேன். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று அவர் வேலை பார்த்த அச்சகத்தில் நீங்கள் பொய் சொல்வீர்கள்; உங்களுக்காக நான் இங்கே சொல்வேன். இரண்டையும் அன்பு என்றே நினைத்தோம்.

தம்பி கல்யாணத்துக்கு நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்தது நினைவிருக்கிறதா? திரும்பி வந்தபோது உங்கள் மேசையில் கோப்புகள் குவிந்து கிடந்தன, மெமோவும் வந்திருந்தது. "நீ இல்லன்னா எனக்கு ஒண்ணும் ஓடமாட்டேங்குதுட்டி" என்று அழுதீர்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அக்கா. அதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

மார்பில் கட்டி இருப்பதாக நீங்கள் சொன்ன அன்றே ஸ்கேனுக்குத் தேதி வாங்கினேன். இருவரும் போய் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஃபோன். வண்ணார்பேட்டையில் விழுந்து கிடக்கிறாராம். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். 'இன்னைக்கு ஒருநாள் கெடக்கட்டும்க்கா, உள்ள வாங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்க போங்கக்கா. தேதிய நான் மாத்திக்கிடுதேன்" என்றேன்.

அப்படியே மூன்று முறை மாற்றினேன். நான்காம் முறை ஸ்கேன் எடுத்தபோது நோய் ஈரல்வரை போயிருந்தது.

போன வாரம் மார்க்கெட்டில் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தேய்த்த சட்டை, பையில் புடலங்காய். அவரேதான் சமைக்கிறாராம்.

"குடிய விட்டு ஒரு வருசமாச்சும்மா. அவ இருந்தவரைக்கும் எங்கன விழுந்தாலும் வந்து தூக்கிருவான்னு தெரியும். இப்ப விழுந்தா யாரு வருவா?" சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அவர்மேலா, உங்கள்மேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எதுவும் வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

நேற்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் இரண்டு கோப்புகளோடு வந்தாள். "இத மட்டும் முடிச்சுத் தாரீங்களாக்கா?"

"நீயே எழுதும்மா. சந்தேகம்னா கேளு."

சொல்லிவிட்டேனே தவிர, உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நாலு தடவை எழுந்து போனேன். அவள் கேட்கவே வரவில்லை. மாலையில் தானே முடித்து, நிமிர்ந்து சிரித்தாள். என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது போலிருந்தது.

யாருக்கும் நான் தேவைப்படாத ஒரு மாலையைப் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறேன், அக்கா. இன்னும் கைவரவில்லை.