அக்கா மடிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது; நிறுத்திக்கொண்டேன். நானும் உன் மாமாவும் நலம். உன் மனைவியின் வலது கையில் மாவுக்கட்டு. அவள் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். இதை உனக்கு எழுதட்டுமா என்று அவளையே கேட்டேன். எழுதுங்க அண்ணி, ஒளிஞ்சிருக்க நான் என்ன தப்பு பண்ணினேன் என்றாள்.

உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? சிறையில் தரையில்தான் படுக்கிறாய் என்று வக்கீல் சொன்னார். போர்வையை மடித்து முழங்காலுக்கு அடியில் கொடு. எழுந்ததும் சடாரென்று நிற்காதே. படுத்தபடியே காலை மடக்கி நீட்டிவிட்டு எழு. எத்தனை பெனால்டி பிடித்தவன் என்று முழங்கால் கேட்காது.

ஊர் முழுக்க உன் பேச்சுதான். என் பிசியோதெரபி கிளினிக்கில் காத்திருக்கும் பெஞ்சில் வலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தோள்வலிக்கு வரும் பஸ் டிரைவர், பூட்டு பந்து பிடிக்கிற அழகத்தான் பார்த்தோம், அவன் வீட்டுக்குள்ள எட்டியா பார்த்தோம் என்றார். கோல் பக்கம் எதையும் விடமாட்டாய் என்று ரசிகர்கள் உனக்கு வைத்த அந்தப் பூட்டு என்ற பெயரை அவர் இன்னும் ஆசையாகத்தான் சொல்கிறார். பக்கத்தில் இருந்த பள்ளி விளையாட்டு டீச்சர் விடவில்லை. எங்கிட்ட படிக்கிறதுங்க அவன மாதிரியே நிக்குதுங்க, அவன மாதிரியே துப்புதுங்க, நாளைக்கு இதையும் அவன மாதிரியே செஞ்சா நீங்க வந்து பதில் சொல்வீங்களா என்று கேட்டார். பிறகுதான் நான் உன் அக்கா என்பது இருவருக்கும் நினைவு வந்தது. இரண்டு பேரும் மின்விசிறியை அப்படி ஆராய்ந்தார்கள்.

சுவரில் இருந்த உன் படத்தை எடுத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு பயிற்சி செய்ய அழும் பிள்ளைகளிடம், அந்த அண்ணனும் அழுதுகிட்டேதான் செஞ்சான் என்று காட்டி வந்தேன். அது உண்மைதான். ஆனாலும் ஒரு பெண் குழந்தை அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டில் பேசுவதைக் கேட்டிருப்பாள் போல. முழங்கால் உன்னோடது, உனக்காகச் செய் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்து முடித்தாள். இத்தனை வருஷமும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

உன் வக்கீல் என் பெயரில் ஒரு வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். நீ இளைஞர்களுக்கு முன்மாதிரி, ஆஸ்பத்திரிப் பிள்ளைகளைப் போய்ப் பார்ப்பவன், சம்பவத்தன்று இரவு வீட்டிலேயே இல்லை, அணியின் முகாமில் இருந்தாய், அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று அதில் இருந்தது. அக்காவே வந்து சொன்னா கோர்ட் நம்பும்மா என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவது உண்மை, அதற்கு இரண்டு கையெழுத்துக்கூடப் போடுகிறேன் என்றேன். மற்றதற்கு முடியாது என்றேன்.

ஏன் முடியாது என்று உனக்குத் தெரிய வேண்டும். மறுநாள் காலை அவள் நேராக என் கிளினிக்குக்குத்தான் வந்தாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். கையைத் தூக்கி மேஜைமேல் வைக்கக்கூட முடியவில்லை. சட்டைக் கையை விலக்கினால், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஆட்டக்காரர்கள் சுற்றும் ஒட்டு டேப். விழுந்துட்டேன் அண்ணி என்றாள். நான் கத்தரியை எடுத்தேன். எடுத்தவள் வெட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டேப்பின் நுனி உள்பக்கமாகச் சின்ன முக்கோணமாக மடிந்திருந்தது.

கல்லூரியில் படிக்கும்போது உன் விரல்களில்தான் டேப் சுற்றிப் பழகினேன். பிய்க்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாமே என்று நுனியை மடித்துவிடுவேன். அது என் சோம்பேறித்தனம், பேராசிரியர் திட்டுவார். நீ விடாமல் பிடித்துக்கொண்டாய். அணியின் பிசியோவைக்கூடத் தொடவிடாமல் நீயே சுற்றிக்கொண்டாய். டிவி பேட்டியில், இது எங்க அக்கா மடிப்பு என்று காட்டினாய். அன்று நான் அழுதேன்.

இதை வக்கீலிடமும் சொன்னேன். கெட்டிக்காரர். அதான் டிவில பார்த்து ஊர்ப் பசங்க பூரா மடிக்கிறாங்களேம்மா, அது என்ன சாட்சி என்றார். நீ முன்மாதிரியாக இருப்பது இதற்கும் உதவும் போலிருக்கிறது. சரி சார், ஊர்ப் பசங்கள்ல யாரு அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுக்குள்ள இருந்தாங்க என்று கேட்டேன். பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். காபியைக் குடிக்கவில்லை.

அவள் வலது கைக்கு அவளே அவ்வளவு ஒழுங்காகச் சுற்றியிருக்க முடியாது. அருமையாகச் சுற்றியிருந்தாய், தம்பி. வீக்கத்துக்கு இடம் விட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல். மைதானத்தில் ஒருவன் விழுந்தால் ஸ்ப்ரே அடித்து, கட்டி, தட்டிக்கொடுத்து எழுப்பி ஓடவிடுவீர்களே, அப்படி. டேப்புக்கு அடியில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், யாரோ தேர்ந்த கை கட்டியிருக்குதே என்றார்.

காலையில ஸ்பான்சர் விழாவுக்கு வரணும், முழுக்கை போட்டுக்கோ என்று நீ சொன்னதாக அவள் பிறகு சொன்னாள். அதைச் சொல்லும்போதுகூட, அவர் கட்டினப்போ வலிக்காமத்தான் கட்டினார் அண்ணி என்றாள்.

நீ கெட்டவன் என்று எழுதவில்லை. நீ பிடித்த பந்துகள் எல்லாம் பிடித்தவைதான். யாரும் அவற்றைத் திரும்ப வாங்க முடியாது. அந்தக் கைதான் இதையும் செய்தது. கோல் காத்தவன் வேற, இவன் வேற என்று உன் மாமா தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார். எனக்கு ஒரு தம்பிதான்.

வியாழக்கிழமை என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவள் தரப்பில். போகிறேன். மடிப்பைப் பற்றிச் சொல்வேன். குரல் நடுங்காமல் சொல்வேன். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் சாட்சிகளைக் கூப்பிடுமுன், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று உன்னைக் கேட்பார்கள். நீ முதலில் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியது ரொம்பக் குறைந்துவிடும். ஊருக்கு முன்மாதிரியாக இரு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாரம் உனக்கு வேண்டாம்.

தீர்ப்பு எதுவானாலும், பார்க்க அனுமதிக்கும் நாளெல்லாம் வருவேன். முழங்காலுக்கு உறை கொண்டுவருவேன். அவள் எங்களோடுதான் இருப்பாள், அவளுக்கு வேண்டுமட்டும். இரண்டும் நடக்கும். ஒன்றுக்காக இன்னொன்றை விடச் சொல்லி என்னிடம் கேட்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், சின்னவனே. அதற்கு முதலில், அந்த இரவு அந்த வீட்டில் நீ இருந்தாய் என்று சொல்.

என்றும் உன்
அக்கா