வலப்பக்கத்து வடு

கெட்டில் குடா
செவ்வாய்க்கிழமை

என் செல்ல மருமகள் டாம்சினுக்கு,

கிளாரி மாமா எழுதுவது. தொடைத் தையல் ஆறிக்கொண்டு வருகிறது, பெர்த் ஆஸ்பத்திரிச் சாப்பாடும் கொஞ்சமாவது உள்ளே இறங்குகிறது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையும் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். சால்மன் கூட்டம் கரையை ஒட்டி வந்தால் பின்னாலேயே வெள்ளைச் சுறா வரும், வந்தால் அலைச்சறுக்குப் பலகையில் படுத்திருக்கிற யாரையாவது ஒரு கடி கடித்துப் பார்க்கும் என்று சொன்னேன். உன் பேரைத்தான் சொல்லவில்லை. மதுக்கடை டெஸ்தான் சாட்சி. அவனுக்கு ஞாபகமில்லையாம். அவனுக்குப் பெண்டாட்டி பிறந்தநாளே ஞாபகம் இருப்பதில்லை, விடு.

உன் பலகை இப்போது மீன்வளத்துறை கையில் இருக்கிறது. பல் தடத்தை அளந்து பார்த்துச் சுறாவின் நீளம் மூன்றரை மீட்டர் என்கிறார்கள். நான் ஐந்து என்று சொல்லியிருந்தேன். அவர்கள் அளவுநாடாவில் ஏதோ கோளாறு.

உன் அலைச்சறுக்குக் கூட்டாளிகள் கடற்கரையைத் திறந்த அன்று காலையிலேயே தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். அது கடலில் இருக்கிற மிருகம், நாமதான் விருந்தாளி, அதைக் கொல்லக்கூடாது என்று கையெழுத்து வேறு வாங்கினார்கள். வீட்டில் கரப்பான் வந்தால் மேசைமேல் ஏறி நிற்கிற பயல்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. உன்னைத் தூக்கிப் படகில் போட்டவன் நான். கணவாய் பிடிக்கப் போயிருந்தேன், உன் சத்தம் கேட்டது, துடுப்பால் அதன் மூக்கிலேயே நாலு போடு போட்டு விரட்டினேன். படகுப் பலகையில் உன் ரத்தம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு அந்த மீன்மேல் பாசம் வரவில்லை.

உன் அம்மாவுக்கு அதைவிட ஆத்திரம். லோர்னா யாரிடமும் சண்டை போடாதவள் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு மீன்வளத்துறை ஆபீசில் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சுறாவைக் கொல்ல ஆணை வரும்வரை எழுந்திருக்கவில்லை. ஆணையும் வந்தது. ஆனால் அதிலே ஒரு நிபந்தனை. கண்ணில் படுகிற சுறாவையெல்லாம் கொல்ல முடியாது. உன்னைக் கடித்ததை மட்டும்தான் கொல்லலாம், அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

அடையாளம் சொல்ல இந்த உலகத்திலேயே ஒருவன்தான் இருந்தான். முதுகுத் துடுப்புக்குக் கீழே, வலப்பக்கம், ஒரு முழத்துக்கு வெள்ளையாக ஒரு வடு என்று சொன்னேன். சர்க்கார் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதிகாரி ப்ரூ ஹாலரன் அதை இரண்டு தரம் படித்துக் காட்டினாள். நல்ல பெண். சிரிக்கத் தெரியாது.

அப்புறம் நீ போன் செய்தாய். நீ பேசியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மாமா, என் பேரைச் சொல்லி அதைக் கொன்னீங்கன்னா நான் அந்தக் கடல்ல திரும்ப எப்படி இறங்குவேன்? அதுக்கு என்மேல கோபம் ஒண்ணும் இல்ல. எனக்கும் இல்ல." நான் என்னவோ சொல்லி மழுப்பினேன். லைன் சரியில்லை என்றுகூடச் சொன்னேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

போன வியாழக்கிழமை ப்ரூ வீட்டுக்கே வந்து என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனாள். நீ கடிபட்ட அதே பாறைத்திட்டுக்குப் பக்கத்தில், மிதவையில் கட்டியிருந்த தூண்டிலில் ஒன்று மாட்டியிருந்தது. வெள்ளைச் சுறா. சரியாக மூன்றரை மீட்டர். இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை, நாடாவின் ஒரு முனையை நானே பிடித்தேன். படகுப் பக்கத்தில் கயிற்றால் அணைத்துக் கட்டியிருந்தார்கள். துள்ளவில்லை. தண்ணீர் வாய்க்குள் போவதும் செவுள் வழியாக வருவதுமாகக் கிடந்தது. பாறைத்திட்டில் உன் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் பலகைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ப்ரூவின் ஆள் துப்பாக்கியை மடியில் வைத்திருந்தான்.

அவள் கேட்டாள்: "கிளாரி, நிதானமாப் பாத்துச் சொல்லுங்க. இதுதானா?"

டாம்சின், என்னை உனக்குத் தெரியும். ஊர் முழுக்கக் காத்திருக்கிறது. சுறா பக்கத்தில் நின்று படம் எடுத்தால் டெஸ் கடைச் சுவரில் என் தலை நிரந்தரமாகத் தொங்கும். இத்தனை வருஷத்தில் படம் எடுக்க வந்த யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை. வடு பழசு, இந்த வெளிச்சத்தில் தெரியாது என்று இன்னொரு வார்த்தை. போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

குனிந்து பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கமும் பார்த்தேன். சுத்தமான சாம்பல் நிறம், ஒரு கீறல் இல்லை.

"இது இல்லம்மா. வடு எங்க?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பிறகு அது எங்கே போகிறது என்று காட்டுகிற கருவி ஒன்றை அதன் முதுகில் பொருத்தினார்கள், தூண்டிலை வெட்டினார்கள். அது கொஞ்ச நேரம் போக மனசில்லாததுபோல அங்கேயே நின்றது. பிறகு தலையைத் திருப்பி, என் துடுப்பு அடியெல்லாம் மறந்ததுபோலப் போய்விட்டது. இனிமேல் அது குடாவுக்குள் வந்தால் கரைக் கம்பத்தில் விளக்கு எரியுமாம். யோசித்துப் பார், முன்பின் சொல்லாமல் வந்தது இனி மணியடித்துவிட்டு வரும்.

படகுத்துறையில் உன் அம்மா நின்றிருந்தாள். செத்த மீனைப் பார்க்க வந்தவள் வெறும் படகைப் பார்த்தாள். அது இல்லை, வேறே என்று சொன்னேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். "கிளாரி, நீ நிஜம் பேசுறப்ப மட்டும்தான் திக்குவ, சின்ன வயசிலேருந்து. இப்ப ஒரு வார்த்தைகூடத் திக்கல" என்றாள். அவ்வளவுதான், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட அப்பம் ஒரு பாத்திரம் இருந்தது. அவள் செய்ததுதான், ஓரம் கருகியிருந்தது. பாத்திரத்தை மட்டும் திருப்பிக் கொடு என்று ஒரு துண்டுச்சீட்டு. இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கப் போனால் பேச வேண்டும்.

உன் அம்மாமேல் கோபப்படாதே. ஆம்புலன்ஸில் உன் காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு போனவள் அவள். அவளுக்கு யார்மேலாவது கோபப்பட்டே ஆக வேண்டியிருந்தது, கடல்மேல் எப்படிக் கோபப்படுவது?

காலை ஊன்றி நடக்கப் பழகு, அவசரப்படாதே. அந்தக் கருவி அந்த மீனைப் பார்த்துக்கொள்ளட்டும். உன்னை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ திரும்பி வந்து முதல் அலையில் எழுந்து நிற்கிற அன்று நான் பாறைத்திட்டுப் பக்கம் படகில் இருப்பேன், கணவாய் பிடிக்கிற சாக்கில். நல்ல உடம்பும் நல்ல கடலும் உனக்கு அமையட்டும்.

இதை எழுத உட்கார்ந்ததே ஒரு காரியத்துக்காகத்தான். வெள்ளிக்கிழமை ஆணை முடிகிறது. அதற்கு முன்னால் ப்ரூ உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். வடுவைப் பார்த்தாயா என்று கேட்பாள். ஒன்றையும் பார்க்கவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன் என்று என்னிடம் சொன்னாயே, அதையே அவளிடமும் சொல். பொய் எதுவும் சொல்ல வேண்டாம், அது நம் வீட்டில் என் வேலை. எப்படி இருந்தது, எவ்வளவு நீளம் என்று மட்டும் அவளிடம் பேச்சுக் கொடுத்துவிடாதே. நான் முதல் நாள் டெஸ் கடையில் கதை சொல்லும்போது, வடு இடப்பக்கம் என்றுதான் சொன்னேனாம். ஊருக்குள் இரண்டு கதை போதும், மூன்றாவது வேண்டாம். அது அதே சுறாவா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பார்த்தது ஒரு சாம்பல் முதுகு, அப்புறம் உன்னை. வடு எதுவும் இல்லை, கண்ணு. அது நானாகச் சேர்த்தது.

உன் மாமா
கிளாரி