குளியலறைக் கதவு

திருக்கழுக்குன்றம்
20.1.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் செங்கல்வராயன் எழுதுவது. இங்கு நான், அம்சா, என் மூட்டுவலி மூவரும் சுகம். தங்கச்சி விஜயகுமாரி எப்படியிருக்கிறாள்? நீங்கள் போனை எடுப்பதில்லை. கடிதத்தைக் கட் பண்ண முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் குழுவின் ஏழு குடும்பத்துக் கிச்சிலிச் சம்பா நெல்லும் அறுத்துக் காயவைத்து மூட்டையாகி நிற்கிறது. உங்கள் கம்பெனி லாரியைத்தான் காணோம். ‘நியாய வணிகம்’ என்று நீங்கள் முதலில் வந்து சொன்னபோது, ரேஷன் கடை என்று நினைத்துக் கார்டைத் தேடிய ஆள் நான். ஆனாலும் உங்கள் பேச்சை நம்பி மூன்று வருடமாக ஒருவரும் ரசாயன உரம் போடவில்லை. எங்களில் ஞானதாஸுக்குக் குத்தகை நிலம். “அண்ணாத்த, லாரி வர்லன்னா குத்தகைக்கு இன்னா பண்றது? நிலத்துக்காரரு பிளாட்டு போட ரெடியா கீறாரு” என்று தினமும் வந்து நிற்கிறான்.

காணும் பொங்கலன்று சாப்பிட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் போட்டோ எடுத்தீர்களே, அரிசிப் பையில் என் முகம் வருமா? அந்த ஆசையில்தான் மீசைக்கு மை அடித்தேன். பாதி மை மூக்கில். “கரிச்சட்டிய கவுத்த மாதிரி கீது” என்று அம்சா இன்னும் சிரிக்கிறாள்.

அன்பு மச்சான்,
செங்கல்வராயன்

சிறுசேரி
3.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

விஜயகுமாரி நலம். இந்த வருடம் உங்கள் குழுவிடம் நெல் எடுப்பதில்லை என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. உறுப்பினர் வீட்டில் யூரியா சாக்கு இருந்தது ஆய்வில் தெரிந்ததாம். விதிப்படி போட்டோ நகல் இணைத்திருக்கிறேன். என் கையில் எதுவும் இல்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

மாப்பிள்ளை,
ஜெகதீசன்

திருக்கழுக்குன்றம்
30.3.2025

திரு. ஜெகதீசன் அவர்களுக்கு,

போட்டோ கிடைத்தது. அந்தச் சாக்கு எங்கள் குளியலறைக் கதவு. மூன்று வருடமாக உரம் வாங்காததால் புதுச் சாக்குக்கு வழியில்லாமல், அம்சா அதையே ஒட்டுப்போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாள். நெல்லை ஒரு மணிகூட யாரும் சோதிக்கவில்லை.

போட்டோ ஓரத்தில் ஒரு கருப்பு மீசை சிரித்துக்கொண்டு நிற்கிறது. மூக்கிலும் மை. அன்று கேமரா வைத்திருந்தவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. கம்பெனிக்கு ஒரு சாக்கு வேண்டும் என்று கேட்டிருந்தால் கிழியாததாகப் பார்த்து நானே கொடுத்திருப்பேனே.

மூட்டைகளை வியாபாரி சாதா நெல்லோடு சேர்த்துக் கொட்டிக்கொண்டு போய்விட்டார். ஞானதாஸ் நிலத்தில் பிளாட்டுக்கு மஞ்சள் கல் நட்டாகிவிட்டது. அவனுக்கு உங்கள் ஆபீஸ் கேட்டில்தான் செக்யூரிட்டி வேலை கிடைத்திருக்கிறது. தொப்பி இரண்டு அளவு பெரிது. நேற்று உங்களுக்கு சல்யூட் அடித்தானாம். “சாரு போன்ல பேசிகினே பூட்டாரு அண்ணாத்த, என்ன பாக்கல” என்றான். பார்த்திருப்பீர்கள் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு விஜயகுமாரி வரட்டும். நீங்கள் வர வேண்டாம். அதற்கு நான் சாக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை.

செங்கல்வராயன்