ஆரணியின் இதயத்தில் இரும்பு இல்லை, அத்தான்

அன்பின் அத்தான்,

இருக்கிற இடத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேளுங்கள். உங்கள் மகளின் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. இதயத்தில் இரும்பு இல்லை. ஈரலில் இருந்ததும் நன்றாகக் குறைந்துவிட்டது. டாக்டர் எழும்பி நின்று எனக்குக் கை தந்தார். சரி, எழும்பியது கதவைத் திறந்துவிடத்தான். ஆனாலும் கை தந்தார்.

அந்த டொனிக் போத்தல்கள் நினைவிருக்கிறதா? தலசீமியா என்றால் இரத்தம் குறைவு என்றுதான் என் எட்டாம் வகுப்பு மூளைக்கு விளங்கியது. பிள்ளை வெளுத்திருக்கிறாளே என்று லண்டன் ஈஸ்ட் ஹாம் கடைகளையே அள்ளிவந்தேன். இரும்புச் சத்து டொனிக், பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல், ஒரு லொறி நிறைய என்று வையுங்கள். டொனிக்கை அவள் வாயருகே கொண்டுபோனபோது என் கையைப் பிடித்தீர்கள்.

"தம்பி, மாதாமாதம் ஏத்துற இரத்தத்தோட வாற இரும்பே வெளிய போக வழியில்லாமல் ஈரலிலையும் இதயத்திலையும் படியுது. அதை இறக்கத்தான் மருந்து. நீ இன்னும் ஏத்தப் பாக்கிறாய்."

வீடு நிறைய விருந்தாட்கள். அக்காவே சிரித்துவிட்டா. நீங்கள் சிரிக்கவில்லை.

"இனி மருந்து குடுக்கிறது இவன்ர வேலை. என்னட்டை வாய் திறக்கிறாளில்லை. இவன்ர புளுகுக்கு ஆவெண்டு வாயைத் திறந்துகொண்டெல்லோ இருக்கிறாள்" என்றீர்கள்.

கூனிக் குறுகி நின்றவனுக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும், அத்தான்?

நீங்கள் கண்ணை மூடிப் போனபின் அவள் பல நாள் மருந்தைத் தொடவில்லை. இரும்பு ஏறியது. இப்படியே விட்டால் இதயத்தையும் பிடிக்கும் என்றார் டாக்டர். மறுநாளிலிருந்து பொடித்த மாத்திரையை யோகட்டில் கலந்து, கரண்டிக்கு ஒரு கதை. தேம்ஸில் நான் முதலையோடு மல்லுக்கட்டிய கதை மட்டும் ஒரு மாதம் ஓடியது.

"மாமா, பச்சைப் பொய்!"

"வாயை மூடாதை. முதலை இன்னும் சாகேல்லை."

விழுங்கிவிடுவாள்.

ஸ்கேன் முடிவை நான் வீட்டில் சொன்னதும் என் முகத்தையே பார்த்தாள். "இது உண்மையா மாமா? நீங்கள் கூட்டிச் சொல்லேல்லையே?"

டாக்டரின் கடிதத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள்.

முதலையை நான் இன்னும் நீட்டுவேன், அத்தான். ஆனால் அவளுடைய இரும்பு அளவில் ஒரு புள்ளி கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கெட்ட செய்தி வந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். இது சத்தியம்.

நீங்கள் வேலைக்கு எடுத்த மைத்துனன்,
ஆரணியின் மாமா,
குணம்